எண்ணெய் கொடுக்கப்பட்டது

எங்கள் நிலையத்தில் முயல்கள் இருக்கின்றன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அலுவலகக் கட்டடத்துக்குள் நின்று பார்த்தால் அது தெரியாது. அங்கே பதினேழு மேசைகள், நாற்பது அலமாரிகள், சுவரில் ஒரு முயல் படம். படத்திலிருக்கும் முயலை இயக்குநர் தினமும் பார்ப்பார். உயிருள்ளவற்றைப் பார்த்துக்கொள்ள நான் இருக்கிறேன்.

நான் தீவனக்காரன். ஆணைக் கடிதத்தில் 'இனப்பெருக்க முயல் ஊட்ட உதவியாளர், இரண்டாம் நிலை' என்று இருக்கும். முதல் நிலை என்று யாரும் கிடையாது. இருபது தாய் முயல்களுக்குத் தீவனம் போடுவது, தண்ணீர் வைப்பது, கூண்டு கழுவுவது, செத்த குட்டிகளைக் கொட்டகைக்குப் பின்னால் புதைப்பது, இவ்வளவும் என் வேலை. கடைசி வேலைதான் அதிகம்.

குட்டிகள் ஏன் சாகின்றன என்று யாருக்கும் தெரியாமலில்லை. ஏழெட்டுக் குட்டிகளுக்குப் பால் கொடுக்கும் தாய், தின்பதை எல்லாம் பாலாக்கிக் கொடுத்துவிட்டு, பிறகு தன் உடம்பையே கரைத்துக் கொடுக்கும். மூன்றாவது வாரத்தில் அதன் முதுகைத் தடவினால் எலும்பு ஒவ்வொன்றாக விரலில் தட்டும். அதற்கு மேல் பால் வற்றும். குட்டிகளின் வயிறு சுருங்கித் தோல் மடிப்பு விழும். அப்புறம் நான் மண்வெட்டியை எடுப்பேன்.

என் தங்கச்சி வீட்டில் மட்டும் அப்படி இல்லை. அவளும் பின்கட்டில் பத்துப் பன்னிரண்டு முயல் வளர்க்கிறாள். குட்டி போட்ட நாளிலிருந்து பால் மறக்கிற வரைக்கும் காலைத் தீவனத்தில் கொஞ்சம் எண்ணெய் பிசைந்து வைப்பாள். அவள் குட்டிகள் உருண்டை உருண்டையாக இருக்கும். தெருவில் முயல் வளர்க்கும் பெண்கள் எல்லோரும் அவளைப் பார்த்துத்தான் எண்ணெய் பிசைந்தார்கள். அந்தத் தெருவில் அவள் சொன்னால் சொன்னதுதான்.

வாய் சும்மா இருக்கவில்லை. ஒரு நாள் கோப்பில் கையெழுத்து வாங்கப் போனபோது இயக்குநரிடம் சொல்லிவிட்டேன்.

"ஐயா, என் தங்கச்சி முயலுக்கு எண்ணெய் குடுக்குறா. குட்டிங்க சாகுறதில்லை."

இயக்குநர் பேனாவை மூடினார். "எவ்வளவு குடுக்குறாங்க?"

"தெரியலைங்க. கேட்டு வரட்டுமா?"

"வேண்டாம், வேண்டாம்," என்றார் பதறிப்போய். "கேட்டுத் தெரிஞ்சுக்கிறது ஆராய்ச்சி இல்லை."

இரண்டே மாதத்தில் 'தாய் முயல்களுக்கும் பால்குடிக் குட்டிகளுக்குமான கொழுப்புத் துணையூட்டத் திட்டம்' பிறந்தது. ஒரு டின் எண்ணெய் வந்து இறங்கியது. அதைக் கூட்ட அறையில் மேசை மேல் வைத்து, துணி விரித்து, எல்லோரையும் கூப்பிட்டு இயக்குநர் உரையாற்றினார்.

"முயலுக்குக் கொழுப்பு தேவையா என்று என்னைக் கேட்கிறார்கள். நான் பதில் சொல்வதில்லை. தெரிந்துவிட்டால் ஆராய்ச்சி நின்றுவிடும். ஆராய்ச்சி நின்றால் நாம் எல்லோரும் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஆகவே நமக்குத் தெரியாமல் இருப்பதுதான் இந்த நிலையத்தின் அஸ்திவாரம். அதை இருபத்தாறு ஆண்டுகளாக ஆட்டம் காணாமல் காத்துவந்திருக்கிறோம்."

பலமாகக் கைதட்டினோம். நானும் தட்டினேன். எண்ணெய் வந்துவிட்டதே என்ற சந்தோஷம் எனக்கு.

முயல்களைப் பத்துப் பத்தாகப் பிரித்தார்கள். குழு ஒன்றுக்கு எண்ணெய் உண்டு. குழு இரண்டுக்குக் கிடையாது. நாற்பத்திரண்டு நாள் கழித்துக் குட்டிகளை எடை போட்டு ஒப்பிடுவது. கணக்கு பார்க்கும் அதிகாரிக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் சராசரி. அவர் எந்த விஷயத்திலும் மேலேயும் போகமாட்டார், கீழேயும் வரமாட்டார். அவர்தான் எனக்குப் பதிவேட்டைக் கொடுத்தார். ஒவ்வொரு முயலுக்கும் ஒரு பக்கம். 'எண்ணெய் கொடுக்கப்பட்டது', 'முயல் உண்ட விதம்', 'ஊட்டியவர் கையொப்பம்' என்று மூன்று கட்டம்.

முதல் நாள் காலையில் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கிடங்குக்குப் போனேன். சாவிக்காரர் டின்னைக் காட்டினார். மூடியில் அரக்கு முத்திரை.

"இதைத் திறப்புக் குழு வந்துதான் திறக்கணும். மூணு பேர் இருக்கணும்," என்றார்.

"யாரு அந்த மூணு பேர்?"

"நான் ஒருத்தன். சராசரி ஒருத்தர். மூணாவது ஆள் கால்நடை மருத்துவர்."

"நம்ம நிலையத்துலதான் மருத்துவர் இல்லையே."

"அதான் நிரப்பச் சொல்லி எழுதியிருக்கோம்," என்றார் அவர் அமைதியாக. எழுதி ஆறு வருஷமாகியிருந்தது.

நான் சராசரியிடம் ஓடினேன். திட்டத்தை டின் திறக்கும்வரை தள்ளிப்போடலாமா என்று கேட்டேன். அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார்.

"தொடங்குற தேதி மேலிடத்துக்குப் போயாச்சு. ஆராய்ச்சி யாருக்காகவும் காத்திருக்காது. எண்ணெய் பின்னாடி வந்து சேர்ந்துக்கும். நீங்க எழுதிட்டே இருங்க."

"குடுக்காம எப்படிங்க எழுதுறது?"

"குடுக்கிறதா இருக்கீங்கதானே? மனசுல இருக்கில்ல? அதை எழுதுங்க."

எழுதினேன். அன்றைக்குப் பத்துக் கையெழுத்து போடும்போது கை கொஞ்சம் நடுங்கியது. மறுநாள் நடுங்கவில்லை. எனக்கு அதில் இன்றைக்கும் வெட்கம். வெட்கத்தோடு சொல்ல வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. பத்து நாள் போனதும் எனக்கு அதில் ஒரு ருசி வந்துவிட்டது. தினமும் 'விருப்பத்துடன் உண்டது' என்று எழுதினால் நம்பும்படியாக இருக்காது என்று நானாகவே யோசித்து, ஏழாம் எண் முயலுக்கு 'சற்றுத் தயங்கி உண்டது' என்றும், மூன்றாம் எண்ணுக்கு 'முகர்ந்து பார்த்துப் பின் உண்டது' என்றும் மாற்றி மாற்றி எழுதினேன். சராசரி படித்துவிட்டு முதுகில் தட்டினார். "உங்களுக்கு நல்ல கவனிப்புத் திறன் இருக்கு," என்றார். வீட்டுக்குப் போய் மனைவியிடம் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டேன். அன்றைக்குக் காலையில்தான் மூன்றாம் எண் முயலின் குட்டிகள் இரண்டைப் புதைத்திருந்தேன்.

முப்பத்தொன்பதாம் நாள் பக்கத்து நிலையத்திலிருந்து ஒரு மருத்துவரைக் கடன் வாங்கித் திறப்புக் குழு கூடியது. டின்னைத் திறந்ததும் சாவிக்காரர் மூக்கைப் பிடித்துக்கொண்டார். எண்ணெய் சிக்கு வாடை அடித்தது. வாடை அடிக்கிறதா இல்லையா என்று முடிவு செய்ய மோப்பக் குழு ஒன்றை அங்கேயே அமைத்தார்கள். மூவரில் ஒருவருக்கு ஜலதோஷம். ஒருவர் அடிக்கிறது என்றார், ஒருவர் அவ்வளவாக இல்லை என்றார், ஜலதோஷக்காரர் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டார். விஷயம் மேலிடத்துக்குப் போயிற்று. டின் இன்னும் கிடங்கில் திறந்தபடியேதான் இருக்கிறது. மூடுவதற்குத் திறப்புக் குழுவுக்கு அதிகாரம் இல்லை.

நாற்பத்திரண்டாம் நாள் எடை போட்டோம். எண்ணெய் கொடுக்காத பத்து முயல்களின் குட்டிகளும், எண்ணெய் கொடுக்காத மற்றப் பத்து முயல்களின் குட்டிகளும் ஒரே எடை இருந்தன. சராசரி அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததேயில்லை.

"இவ்வளவு சுத்தமான முடிவு எங்கேயும் வந்ததில்லை," என்றார். "கிராம் கணக்குல கூட வித்தியாசம் இல்லை."

மறுவாரமே பரிந்துரைச் சீட்டு அச்சாகிவிட்டது. 'தாய் முயல்களுக்கு எண்ணெய் தேவையில்லை. எண்ணெய் கொடுப்பது வீண். இது ஆய்வில் நிரூபிக்கப்பட்டது.' அதை வெளியிட மேலிடத்திலிருந்து பெரியவர் ஒருவர் வருவதாகவும், முயல் வளர்க்கும் பெண்களை எல்லாம் கூப்பிட்டுக் கையில் கொடுப்பதாகவும் ஏற்பாடு. அப்போதுதான் இயக்குநர் பல வருடங்களுக்குப் பிறகு கொட்டகைக்குள் வந்தார். முயல்களைப் பார்த்து அதிர்ந்துபோனார்.

"என்னய்யா இது, எலும்பும் தோலுமா இருக்கு? பெரியவர் முன்னாடி இதைக் காட்டுறதா?"

நான் தலை குனிந்து நின்றேன். என்மேல் கோபம் வந்துவிடுமோ என்ற பயம். அந்தப் பயத்தில் மறுபடியும் என் வாய்தான் முந்திக்கொண்டது.

"என் தங்கச்சி முயல் நல்லா இருக்குங்க ஐயா."

அன்று சாயங்காலமே தங்கச்சி வீட்டுக்குப் போனேன். நல்ல வளர்ப்புக்குக் கண்காட்சி வைக்கிறார்கள், உன் முயலைக் கேட்கிறார்கள் என்றேன். நானும் அப்படித்தான் நம்பினேன் என்று சொல்ல ஆசை. பாதி நம்பினேன். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"என் பேரு போடுவாங்களாண்ணே?"

"போடாம?"

மூன்று தாய்களையும் இருபத்திரண்டு குட்டிகளையும் துடைத்துச் சீவி, அடியில் புதுச் சாக்கு விரித்த கூடைகளில் வைத்துக் கொடுத்தாள். "அங்கே இருக்கிற ரெண்டு நாளும் மறக்காம எண்ணெய் பிசைஞ்சு வைண்ணே," என்று வாசல்வரை வந்து சொன்னாள். சரி என்றேன்.

விழா நாள் காலையில் சராசரி ஒரு பலகையோடு வந்து தங்கச்சி முயல்களின் கூண்டு மேல் மாட்டினார். 'குழு இரண்டு: எண்ணெய் தரப்படாதவை.'

"சார், இது எண்ணெய் தின்ன முயல்," என்றேன்.

"தெரியும். கொழுத்த முயலை எண்ணெய்க் குழுவுல வச்சா நம்ம முடிவு தப்புன்னு ஆயிடும். முடிவு அச்சாயிடுச்சு, முயல் அச்சாகலை. எதை மாத்துறது சுலபம்னு நீங்களே சொல்லுங்க."

பலகை சாய்ந்திருந்தது, நேராக்கி வைத்தேன். உண்மையைச் சொன்னால், யோசிக்கவும் இல்லை.

கொட்டகைக்கு முன்னால் நாற்காலி போட்டிருந்தார்கள். பெண்கள் அறுபது எழுபது பேர் இருக்கும். இரண்டாவது வரிசையில் தங்கச்சி, இருப்பதில் நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் தெருவைச் சேர்ந்த தையல்காரம்மா. பெரியவர் கூண்டுக்குள் பார்த்து ஆனந்தப்பட்டுப்போனார். ஒரு குட்டியைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார்.

"பாருங்கள், ஒரு சொட்டு எண்ணெய் இல்லாமல் எப்படிக் கொழுத்திருக்கிறது. நான் இந்தத் துறைக்கு வருவதற்கு முன் பாலம் கட்டும் துறையில் இருந்தேன். அங்கே நான் கற்றது ஒன்றுதான். எதையும் சேர்க்காமலே நிற்கிறது என்றால், சேர்க்கச் சொன்னவர்கள் ஏமாற்றுக்காரர்கள்."

தங்கச்சி எழுந்தாள். கூச்சத்தோடு, ஆனால் தெளிவாகப் பேசினாள்.

"ஐயா, பலகை மாறிப்போச்சு போல. அது என்னோட முயலுங்க. நான் தினமும் எண்ணெய் குடுக்குறேன்."

நாற்காலிகள் எல்லாம் திரும்பின. இயக்குநரின் முகம் வெளுத்தது. பெரியவர் குட்டியைக் கையில் வைத்தபடியே கேட்டார்.

"இதுக்குத் தீவனம் போடுறவர் யாரு?"

என்னை முன்னால் தள்ளினார்கள்.

"நீங்க எண்ணெய் குடுத்தீங்களா?"

"குடுக்கலைங்க ஐயா," என்றேன். அந்தத் திட்டத்தில் அதிகாரபூர்வமாக நான் சொன்ன ஒரே உண்மை அதுதான். எந்த முயலுக்கும் நான் எண்ணெய் கொடுத்ததில்லை. தங்கச்சி கேட்டுக்கொண்ட இரண்டு நாளும்கூடக் கொடுக்கவில்லை.

"இது யாரோட முயல்?"

"நிலையத்துதுங்க."

"அப்போ இந்த அம்மா யாரு? உங்களுக்குத் தெரியுமா?"

அவளைப் பார்க்காமல் இருக்க வேண்டும் என்று தரையைப் பார்த்தேன். "கூட்டத்துக்கு வந்தவங்க போல இருக்குங்க," என்றேன்.

அவள் உட்கார்ந்துகொண்டாள். தையல்காரம்மா தன் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டது எனக்குக் கேட்டது. பெரியவர் சீட்டைக் கொடுத்தார். எல்லோரும் வரிசையில் போய் வாங்கினார்கள். அவளும் வாங்கினாள். உண்மையாகப் பதிவு செய்ததற்காக எனக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். அதை வாங்கும்போது எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது. ஆனாலும் இரண்டு கையாலும் வாங்கினேன்.

முயல்களைத் திருப்பி எடுத்துக்கொண்டு போக வாசலில் விடவில்லை. உள்ளே வரும்போது நிலையத்துச் சொத்து என்று பதிவாகிவிட்டது. நிலையத்துச் சொத்து உயிரோடு வெளியே போக விதியில்லை. செத்தால் போகலாம். நாலு நாள் அலைந்துவிட்டுக் கடைசியில் மூன்று தாய்களும் இருபத்திரண்டு குட்டிகளும் இறந்தன என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, காதை ஆட்டிக்கொண்டிருந்த அவற்றைக் கூடையில் தூக்கிக்கொண்டு வந்தேன். வாசல் காவலர் குனிந்து எண்ணிப் பார்த்து, "இருபத்தஞ்சு பிணம், சரியா இருக்கு," என்று விட்டார்.

எண்ணெய் இல்லாத குழுவில் திடீரென்று இருபத்தைந்து சாவு கூடியதில் சராசரிக்குத் தூக்கம் போயிற்று. முடிவு சமமாக இருக்க வேண்டுமே. எண்ணெய்க் குழுவிலும் இருபத்தைந்தைக் காகிதத்தில் கொன்றார். அந்தக் குழுவில் அப்போது உயிரோடு இருந்ததே இருபத்துமூன்றுதான். மீதி இரண்டை, இனிப் பிறக்கப்போகிறவற்றில் கழித்துக்கொள்ளலாம் என்று குறிப்பு எழுதினார்.

கூடைகளோடு தங்கச்சி வீட்டு வாசலில் போய் நின்றேன். அவள் உள்ளேயிருந்து வந்தாள்.

"வாங்க. யாரைப் பாக்கணும்?"

நான் கூடைகளை இறக்கி வைத்தேன். அவள் ஒவ்வொரு தாயாகத் தூக்கி முதுகைத் தடவிப் பார்த்தாள். ஆறு நாளில் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று அவள் விரலுக்குத் தெரிந்திருக்கும். கூடைகளை உள்ளே எடுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். நான் அந்தக் கதவைத் தட்டவில்லை. தட்டுகிற முகம் எனக்கு இல்லை.

மூன்று வாரம் கழித்து அவளே என் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னாள் என் மனைவி. அவள் உட்காரவில்லை.

"தெருவுல யாரும் எண்ணெய் குடுக்கிறதில்லை. சீட்டைக் காட்டுறாங்க. தையல்காரம்மா முயல் எட்டுக் குட்டி போட்டுச்சு. மூணு போயிடுச்சு. மீதி அஞ்சும் சுருங்கிக் கிடக்கு. நான் போய்ச் சொன்னா, உன் கூடப் பொறந்தவரே உன்னைத் தெரியாதுன்னுட்டாரு, நீ எதுக்கு வந்து ஏமாத்துறேங்கிறாங்க."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"என்கிட்ட மன்னிப்பெல்லாம் கேக்க வேண்டாம். வந்து அவங்ககிட்டச் சொல்லு."

"சொன்னா என் வேலை போயிடும்," என்றேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் அது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று தெரிந்தது. அவள் செருப்பை மாட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். நான் பின்னால் போனேன்.

தையல்காரம்மா வீட்டுக் கூடத்தில் இரண்டு தையல் இயந்திரம், தரையெல்லாம் வெட்டுத் துணி. பின்னால் தகரக் கொட்டகை. மரப்பெட்டிக்குள் ஐந்து குட்டிகளும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. ஒவ்வொன்றின் வயிற்றிலும் தோல் மடிந்திருந்தது. அந்த மடிப்பை எனக்கு நன்றாகத் தெரியும்.

"அம்மா, அன்னைக்குக் காட்டுன முயல் இவளோடதுதான்," என்றேன். "இவ என் கூடப் பொறந்தவ. இவ எண்ணெய் குடுத்து வளத்தது. நான் பொய் சொன்னேன்."

தையல்காரம்மா கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சீட்டுல ஆராய்ச்சி பண்ணி நிரூபிச்சதுன்னு போட்டிருக்கே?"

"ஆராய்ச்சியில யாருக்கும் எண்ணெயே குடுக்கலை. குடுத்ததா எழுதுனது நான்தான்."

"எதுக்கு எழுதுனீங்க?"

நானூற்று இருபது முறை கையெழுத்துப் போட்டவனுக்கு அதற்கு ஒரு காரணம் இருந்திருக்க வேண்டும். தேடிப் பார்த்தேன். "எழுதச் சொன்னாங்க, எழுதினேன்," என்றேன்.

"இதையும் யாராவது சொல்லச் சொல்லித்தான் சொல்றீங்களோ என்னமோ," என்றார் அவர். "அது அச்சுல இருக்கு. நீங்க வாயால சொல்றீங்க. எழுதிக் குடுப்பீங்களா?"

தங்கச்சி என் முகத்தைப் பார்த்தாள். அன்றைக்கு நான் பார்க்காத பார்வையை இன்றைக்குப் பார்க்க வேண்டியிருந்தது.

தையல்காரம்மா அளவு எழுதும் நோட்டைக் கொண்டுவந்தார். யாருடைய ரவிக்கைக்கோ எடுத்த அளவுக்குக் கீழே எழுதினேன். நிலையத்தில் எந்த முயலுக்கும் எண்ணெய் கொடுக்கப்படவில்லை. கொடுத்ததாகப் பொய் எழுதியது நான். கண்காட்சியில் இருந்தவை என் தங்கை எண்ணெய் கொடுத்து வளர்த்த முயல்கள். கையெழுத்துப் போடும்போது, முதல் நாள் போல, கை நடுங்கியது.

அவர் அதை வாங்கி எழுத்துக் கூட்டி இரண்டு முறை படித்தார். பிறகு அடுக்களைக்குப் போய் எண்ணெய்ப் பாத்திரத்தையும் கரண்டியையும் கொண்டுவந்து என் கையிலேயே கொடுத்தார்.

"எழுதுன கையாலேயே ஊத்துங்க. நான் பாக்குறேன்."

தீவனக் கிண்ணத்துக்கு முன்னால் குந்தினேன். தாய் முயல் கம்பிக்குப் பின்னாலிருந்து மூக்கை ஆட்டியது. கரண்டியை எண்ணெயில் முக்கி நிறைய அள்ளினேன். கொஞ்சம் கொட்டிவிட்டு மறுபடி அள்ளினேன். அப்படியே கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

"என்ன, எவ்வளவு ஊத்தணும்?" என்று கேட்டார் தையல்காரம்மா.

நிமிர்ந்து தங்கச்சியைப் பார்த்தேன்.

அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் கையிலிருந்து கரண்டியை வாங்கினாள். "அவருக்குத் தெரியாதுங்க," என்றாள் தையல்காரம்மாவிடம். "எங்க அண்ணன் இதுவரைக்கும் குடுத்ததே இல்லை."